குறைக்கு எதிர்ப்பக்கம்

நயா பைசா வந்த புதிது. திருச்சி பெரிய கடைவீதியில் பழைய நாணயம் வாங்கி விற்கும் கியாசுதீனுக்குக் காசைக் கண்டாலே அலுப்புத் தட்டியது. தண்டவாளத்தில் வைத்து நசுக்கியதையும் சுத்தியலால் தட்டியதையும் கொண்டுவந்து, "அச்சுப் பிழை பாய், என்ன தருவீங்க?" என்று ஊரே அவர் உயிரை வாங்கியது.

அன்று மணப்பாறையிலிருந்து வந்த பவுனம்மாள் மஞ்சள் துணியை அவிழ்த்து, ஓரத்தில் பிறைபோலக் குறைந்திருந்த நாலணாவை நீட்டினாள்.

"வெட்டின காசும்மா, எடுத்துட்டுப் போங்க," என்றார் பார்க்காமலே.

"விக்க வரலீங்க பாய். சமயபுரத்து ஆத்தாளுக்கு முடிஞ்சு வச்சது. மனுசன் வெட்டினதுன்னா உண்டியல்ல போட மனசு வரல. பொறப்பே இப்படியான்னு பாத்துச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடியை எடுத்தார். அச்சடித்த பிறகு வெட்டியிருந்தால், குறைக்கு நேரெதிரே விளிம்பு முழுசாக நிற்கும். அச்சடிக்கும் முன்பே தகடு குறைந்திருந்தால், அங்கே விளிம்பு சரியாக எழும்பாது. இதில் எழும்பவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் கைக்கு வந்த முதல் அசல் பிழை; காசு சேர்ப்பவர்கள் கேட்ட விலை தருவார்கள்.

வெட்டினது என்று சொன்னால் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

"பொறப்பே இப்படித்தாம்மா. தாராளமா போடுங்க."

அவள் கும்பிட்டுவிட்டுச் சமயபுரம் பஸ்ஸுக்கு ஓடினாள். அடுத்து நின்றவர் நீட்டிய காசில் தண்டவாளச் சூடு இன்னும் ஆறவில்லை.