ஜெனிக்கு வந்த போனும் அப்பா சொன்ன பதிலும்

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

போன வாரம் ஒரு மதியம். இரும்புலியூரில் எங்கள் எதிர் ஃபிளாட் சாமுவேல் சார் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். தங்கமான மனிதர். "ஜெனி வேலை விஷயம் என்னாச்சு சார்?" என்று சும்மாதான் கேட்டேன்.

ஜெனி அவருடைய ஒரே மகள். இன்ஜினீயரிங் முடித்தவள். ஒரு பெரிய கம்பெனியில் எல்லா ரவுண்டும் முடித்துவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

சார் குரலைத் தாழ்த்தினார். "கிடைச்சிடுச்சு சிஸ்டர். கடைசி ரவுண்ட் முடிஞ்ச அன்னிக்கே போன் பண்ணாங்க. ஹைதராபாத் போஸ்டிங்காம். இன்ட்ரஸ்ட் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"ஜெனி வேணாம்னுட்டாளா?"

"இல்லல்ல, நான்தான் சொன்னேன். கம்பெனிக்குக் கொடுத்தது என் நம்பர்தானே. அவகிட்ட இன்னும் சொல்லலை."

அடப்பாவி மனுஷா! லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது, போயே போய்விட்டது. நான் அப்படியே நிற்கிறேன்.

ஏன் தெரியுமா? அதற்கு முதல் நாள்தான் அந்தப் பெண் என் கிச்சனில் நின்று அழுதாள். "இன்னும் கால் வரலை ஆன்ட்டி... லாஸ்ட் ரவுண்ட்ல நான்தான் ஏதோ சொதப்பிட்டேன். நான் எதுக்குமே லாயக்கில்லை." இங்கே என்னவென்றால், வந்த வேலையை அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்!

இந்த அப்பா நம்பர் வியாதி நம் வீடுகளில் எல்.கே.ஜி. அட்மிஷனில் ஆரம்பிக்கிறது. ஸ்கூல் வேனுக்கு அப்பா நம்பர். டியூஷனுக்கு அப்பா நம்பர். காலேஜ், பேங்க், ஓடிபி... பிள்ளைக்குக் கல்யாண வயசே வந்தாலும் அதே நம்பர்தான். ஜெனி கையிலும் நல்ல போன் இருக்கிறது. எதற்கு? ரீல்ஸ் பார்க்கவா?

"சார், இது அநியாயம். நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

சார் முகம் வாடிவிட்டது. "கோச்சுக்காதீங்க சிஸ்டர். அவ தாம்பரத்துல தனியா ஒரு டிரெயின் ஏறினதில்லை. அவ்ளோ தூரம் போய் எப்படிச் சமாளிப்பா?"

"ஏற விட்டீங்களா சார்?"

சார் திரும்பிப் போய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். நானும் கூடவே போனேன். ஜெனியை உட்கார வைத்து, நடந்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

"அப்போ... நான் செலக்ட் ஆயிட்டேனாப்பா?" பெண்ணின் முகம் அப்படி மலர்ந்தது. அடுத்து பூகம்பம்தான் என்று நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பூகம்பமாவது, ஒன்றாவது!

"சரிப்பா," என்றாள். "இப்போ நான் என்ன பண்ணட்டும்?"

அப்பா செய்ததைவிட இதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு சண்டைகூடப் போடத் தெரியாத பெண்ணை எந்த ஊருக்கு அனுப்ப முடியும்? சொல்லுங்கள்!

சார் என்னைவிட ஆடிப்போய்விட்டார். "ஏம்மா, உனக்குக் கோவமே வரலையா?"

"தெரியலையேப்பா... வரணுமா?"

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று போனை எடுத்தார். கம்பெனிக்கு அடித்தார். "ஜெனியோட அப்பா பேசறேன். அன்னிக்கு அவளைக் கேட்காம நானே சொல்லிட்டேன், தப்பு. இனி அவளே பேசுவா." ஸ்பீக்கரைப் போட்டு மகள் கையில் கொடுத்தார்.

நல்ல வேளை, இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஹைதராபாத் வர முடியுமா, முடியாதா? இப்போதே சொல்ல வேண்டுமாம்.

ஜெனி அப்பா முகத்தைப் பார்த்தாள். சார் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து வெளியே போய்விட்டார். உடனே என் முகத்தைப் பார்த்தாள். நானும் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்தினேன்.

வெளியே செருப்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார் மனிதர். "பாவம், தனியா இருக்கா சிஸ்டர். உள்ள போகட்டுமா?"

"அசையாதீங்க சார்!"

அவள் என்ன பதில் சொன்னாள் என்றுதானே துடிக்கிறீர்கள்?

அது அவள் விஷயம். நீங்களும் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்!