டார்ச் அடித்துத் தேடிய கம்ப்யூட்டர்

திருடிய நகையை போலீஸ் ஸ்டேஷனிலேயே புதைத்து வைத்த அறிவாளி நான். நேற்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஷார்ட்கட்டைத் தட்டியதும் ‘காணவில்லை’ என்று வந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய பயத்தில் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

திண்டிவனம் வீட்டில் அக்காவின் காலேஜ் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர். “கேமு கண்ணுல பட்டுச்சு, அழிச்சிடுவேன்” என்று சொல்லியிருந்தாள். அதனால் கார் ரேஸுக்கு வேறு பெயர் வைத்து, அவளுடைய ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ஒளித்தேன். பிறகு அவள் குளிக்கப் போன நேரத்தில் விளையாட ஆசைப்பட்டு, டெஸ்க்டாப்பில் அழிக்க மறந்திருந்த பழைய ஷார்ட்கட்டைத் தட்டினால், கேம் எங்கே என்று அதற்கே தெரியவில்லை. திரையில் ஒரு டார்ச் லைட் இப்படியும் அப்படியும் ஆடித் தேடியது. அடுப்படியில் மல்லாட்டைக் கடலை வறுபடும் வாசனை. குளியலறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம். ஜல்தி, ஜல்தி என்று டார்ச்சைக் கெஞ்சினேன். கடைசியில் ‘இதுவா?’ என்று எதையோ காட்டியது. படிக்காமலே ஆமாம் என்று அமுக்கினேன்; ஷார்ட்கட் அதையே பிடித்துக்கொண்டது.

“இன்னாடா பண்ணிக்கினு இருக்க?” ஈரத்தலையோடு குனிந்த அக்கா, திரையில் இருந்த ‘கார் ரேஸ்’ ஷார்ட்கட்டைத் தட்டினாள். கேமுக்குப் பதில் அவளுடைய ப்ராஜெக்ட் திறந்தது.

“உனக்கு ஈஸியா இருக்கட்டும்னு முன்னாடி எடுத்து வச்சேன்க்கா.”

“கேமு எங்க?”