பாய்லருக்குப் போன சபைப் பத்திரிகை

சலவைக்கூடத்தில் அவளை ஊமச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச வராதவள் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப் பார்க்கிறவள் பக்கத்தில் இருந்தால் யாருக்குமே கொஞ்சம் கூசத்தான் செய்யும். "இவ முன்னாடி நிம்மதியா ஒரு தும்மல் போட முடியுதா? அதையும் மனசுல குறிச்சு வச்சுக்குவா" என்பாள் நெட்டை.

நெட்டைதான் ஊமச்சியின் ஜோடி. இஸ்திரி உருளைக்குள் ஈர விரிப்பைக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுருக்கம் போக இழுத்து, உருளையின் வாயில் வைத்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துவிட வேண்டும். அசந்தால், விரிப்பு எது விரல் எது என்று உருளை பார்க்காது. எதிர்ப்பக்கம் நின்று சுடச்சுட வாங்கி மடிப்பவள் பெரியக்கா. அவளுடைய வலது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை தோல் வேறு நிறத்தில் மினுமினுக்கும். உருளை அசந்த நேரமல்ல, பெரியக்கா அசந்த நேரம் அது.

அந்த அறையின் ஜன்னல்களுக்கு ஆணி அடித்திருந்தது. தெருத்தூசி உள்ளே வந்து வெள்ளை விரிப்பில் படிந்துவிடக் கூடாதாம். அடித்தவர் முதலாளி. முதலாளிதான் ஊமச்சி போகிற சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைத் தட்டை ஏந்தி வருவதும் அவர்தான்.

ஊமச்சி எட்டாம் வகுப்போடு நின்றவள். படிப்பு நின்றதும் புத்தகங்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடத்துக்குப் பரிசாகக் கிடைத்த வேதாகமத்தை மட்டும் அவள் கொடுக்கவில்லை. அதிலிருந்துதான் எழுதப் பழகினாள். ஒரு வசனத்தை வாசிப்பாள், அன்றைக்குப் பார்த்த ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். இரண்டும் ஒட்டினால் எழுதுவாள். சபை மாதப் பத்திரிகையின் கடைசி உள்பக்கத்தில், 'சாட்சி' என்ற தலைப்பின்கீழ், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் எழுதியது வரும். பெயர் போடமாட்டார்கள். 'ஒரு சகோதரி' என்று போடுவார்கள். அதுவே அவளுக்குப் போதும்.

இந்த மாதம் அவள் எழுதியது அந்த ஜன்னலைப் பற்றி. வேதாகமத்தில் மூன்று எபிரெய வாலிபரை எரிகிற சூளையில் போட்டபோது அவர்களைக் காக்க நாலாவதாக ஒருவர் உள்ளே உலாவினாரே, ஆணி அடித்த இந்த அறைக்குள்ளும் அவர் வருகிறார் என்றுதான் நம்புகிறோம் என்று ஆரம்பித்து, ஆனால் வருகிறவருக்கும் மூச்சு முட்டுமே என்று முடித்திருந்தாள். எந்த ஊர், எந்தக் கூடம், யார் முதலாளி, ஒன்றும் இல்லை. ஆனால் தாளைத் திருப்பினால் பின்னட்டை. பின்னட்டையில் வருஷம் முழுக்க மூப்பருடைய சலவைக்கூட விளம்பரம். உறைந்த மழைபோல வெண்மை என்று வேத வசனத்தையே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எழுதியவள் பெயர் சொல்லாததை அச்சகம் முதுகோடு முதுகாக ஒட்டிச் சொல்லிவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் விஷயம் பரவிவிட்டது. பத்திரிகையில் அச்சுப்பிழை இருக்கிறது, எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று பாஸ்டர் அறிவித்தார். வாசலில் நின்று மூப்பரே கைநீட்டி வாங்கினார். காணிக்கைக்கு நீட்டுகிற அதே கை.

பிறகு பாஸ்டரின் அறைக்கு ஊமச்சியைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை.

"என் உப்பைத் தின்னுட்டு என் தலையிலயே கை வைக்கிறியா?" என்றார் மூப்பர். "எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு எழுத்து ஒரு கேடா? உனக்கெல்லாம் பேனாவ யாரு கொடுத்தது?"

பேனா அவளே வாங்கியது.

"இங்க பாரும்மா" என்றார் பாஸ்டர். அவர் மூப்பரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டர் படத்தைப் பார்த்தார். "நீ எழுதினது தப்புன்னு நான் சொல்லல. எழுதின இடம் தப்பு. அடுத்த இதழுக்கு நாலு வரி எழுதிக் கொடுத்துடு. நான் எழுதினது கற்பனை, அப்படி ஒரு இடமே கிடையாதுன்னு. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

"இந்தத் தடவ மட்டும் அவ பேர் போடணும்" என்றார் மூப்பர். "கொடுக்கலன்னா திங்கக்கிழமை வேலைக்கு வர வேண்டாம். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்தே வீட்டுல இருங்க."

அண்ணன் ஓட்டுவது மூப்பரின் வேன். அந்த அண்ணன் வீட்டில்தான் ஊமச்சி இருக்கிறாள்.

அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே சேதி போயிருந்தது. அண்ணி பாத்திரங்களை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது.

"வாங்க, எழுத்தாளரம்மா! காப்பி போட்டுக் கொடுக்கவா, இல்ல மாலை வாங்கிட்டு வரட்டுமா?"

ஊமச்சி செருப்பை ஓரமாக விட்டாள்.

"பொம்பள சபையில வாயத் திறக்கக் கூடாதுன்னு பவுலே சொல்லியிருக்காரு. இவ பவுலுக்கு மேல போயிட்டா!"

நான் வாயைத் திறக்கவே இல்லையே என்று ஊமச்சி நினைத்தாள்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஊரு கெடட்டும், என் குடும்பத்தையுமா கெடுக்கணும்? ஏங்க, உங்க தங்கச்சிகிட்ட நீங்க ஒரு வார்த்தை கேக்கமாட்டீங்களா?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, தட்டைப் பார்த்தபடி, "எழுதிக் கொடுத்துடும்மா" என்றார். அண்ணி கத்தியதைவிட இது ஆழமாகப் போய் இறங்கியது.

மறுநாள் சலவைக்கூடத்தில், உருளைக்குப் பக்கத்தில் மாற்றி மாற்றி உட்கார ஒரு பெஞ்சு இருந்ததே, அது இல்லை. ஊமச்சி எழுதியதற்காக மூப்பர் எடுத்துப்போகச் சொல்லிவிட்டாராம்.

"உன் புண்ணியத்துல இனி நாள் முழுக்க நின்னே சாகணும்" என்றாள் பெரியக்கா.

"அப்படி என்னத்தடி எழுதின?" என்று நெட்டை கேட்டாள். பதில் வருவதற்குள், "வேணாம், சொல்லாத. அதுக்கும் எதையாவது பிடுங்கிட்டுப் போவாங்க" என்று விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். அவர்கள் யாரும் அந்தப் பத்திரிகையைக் கண்ணால் கண்டதில்லை. அந்தச் சபைக்குப் போகிறவர்களும் இல்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க ஊமச்சியோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. தண்ணீர்க் குவளையைக்கூடக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் துணிக்கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வேதாகமத்தைப் பிரித்தாள். ஒரு ஆறுதல் வேண்டும். எழுதுகிறவளுக்கு என்று யாராவது, எங்காவது, ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்களா? எழுதுவது பற்றி எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தேடினாள். ராஜாவின் விருந்தில் சுவரில் எழுதிய விரல் வந்தது, அது எழுதியது ஆறுதல் இல்லை, அந்த ராஜாவின் முடிவு. சீனாய் மலையில் எழுதிய கற்பலகைகள் அடிவாரத்துக்கு வந்த உடனே உடைந்தன. சுவிசேஷத்தில் ஆண்டவரே ஒருமுறைதான் எழுதினார், அதுவும் மண்ணில், என்ன எழுதினார் என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

பிறகு எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்துக்கு வந்தாள். தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல பாருக்கு என்கிறவன் மையால் ஒரு சுருளில் எழுதுகிறான். குளிர்கால வீட்டில், கணப்பு நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ராஜாவுக்கு அதை வாசிக்கிறார்கள். மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். இன்னும் கொஞ்சம் வாசிக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் அறுக்கிறான். சுருள் தீரும்வரை நடக்கிறது. ஒருவன்கூடத் துணியைக் கிழித்துக்கொண்டு அழவில்லை. கர்த்தர் என்ன சொன்னார்? ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. வேறொரு சுருளை எடு, திரும்ப எழுது என்றார். அவ்வளவுதான். முன்னே இருந்ததெல்லாம் எழுதி, அதைப்போல இன்னும் பலவும் சேர்த்தார்களாம்.

அந்தப் பாருக்கும் ஒரு மனுஷன்தானே. களைத்துப் போனேன், இளைப்பாறுதலே இல்லை என்று அவன் புலம்புகிற இடத்தையும் சில பக்கங்கள் தள்ளிக் கண்டுபிடித்தாள். அதற்கு வந்த பதிலைப் படித்ததும் முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. உனக்கென்று பெரிதாக எதையும் தேடிக்கொண்டிருக்காதே, உயிரோடு தப்புவாய், அது போதும். இதுதான் பதில்.

"இதுக்கு அண்ணியே பரவாயில்லை" என்று முணுமுணுத்துப் புத்தகத்தை மூடினாள். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பாருக்காவது தீர்க்கதரிசி சொன்னதை எழுதினான். அவளுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இருக்கிறவர்கள் தண்ணீரைத் தரையில் வைக்கிறார்கள். நாலு வரியை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். மனதுக்குள் முதல் வரியையும் அமைத்துப் பார்த்தாள். நான் எழுதியது கற்பனை. வாசகம் சுத்தமாகத்தான் இருந்தது, ஒட்டத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனின் வேன் வந்தது. அழுக்கு மூட்டைகளோடு ஒரு மூட்டை தனியாகக் கனத்தது. பாஸ்டர் வீட்டில் ஏற்றியது. பழைய பேப்பர்காரனிடம் போட்டால் ஊரெல்லாம் பொட்டலம் மடித்துப் படிக்கும், நேராக நம் பாய்லரில் போட்டுவிடுவோம் என்று மூப்பர் சொல்லியிருந்தார். அண்ணனிடம், "இது பாய்லருக்கு" என்றும் சொல்லியிருந்தார். அண்ணன் அதைப் பாய்லர்காரரிடம்தான் கொடுத்தார்.

ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்காமல் உள்ளே விடக் கூடாது. ஒருமுறை ஆஸ்பத்திரி விரிப்புக்குள் கத்தரிக்கோல் ஒன்று சுருண்டு வந்து துவைக்கிற இயந்திரத்தையே நாசமாக்கியது. அன்றைக்கு மூப்பர் போட்ட சட்டம் அது. மீறின ஒருவனைத் துரத்தியும் இருக்கிறார்.

"எனக்கு எதுக்கு வம்பு?" என்றார் பாய்லர்காரர். "முதலாளி மூட்டைன்னா முதலாளி சட்டம் கிடையாதா? மேசையில கொட்டுங்கடி, பாத்துட்டுத் தாங்க."

கொட்டினார்கள். விரிப்பு இல்லை. கட்டுக்கட்டாகப் பத்திரிகை. பின்னட்டையில் தங்கள் கூடத்தின் படம்.

"அட, நம்ம இடம்டி!" என்று நெட்டை ஒன்றை எடுத்தாள். திருப்பினாள். வாசித்தாள். முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக. நாலைந்து வரி ஆனதும் பாய்லர்காரர் அவசரமாகக் கை நீட்டினார், அந்தப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டாள். அவர் உலைக்குள் போட்டார். அடுத்த பத்திரிகையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். உருளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஊமச்சி விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். நெருப்பும் வாசிப்புமாக எரேமியாவின் அந்த அதிகாரம் அவள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

நெட்டை வாசித்து முடித்தாள். அப்புறம் பெரியக்கா நேராக அவளிடம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று ஊமச்சி நினைத்தாள்.

"இவ்வளவுதானா?"

ஊமச்சி கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"கேக்கறேன்ல? இவ்வளவுதான் எழுதினியா? ஜன்னலு, மூச்சு முட்டுது, அவ்வளவுதானா? இதுக்காடி பெஞ்ச பிடுங்கினான்?" மினுமினுத்த கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது எங்க? தினமும் எதுத்தாப்புலதானே நிக்கறேன். உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"நான் மயங்கி விழுந்தப்ப முகத்துல தண்ணி தெளிச்சது நீதானே?" என்றாள் நெட்டை. "அதையும் விட்டுட்டா பாத்தியாக்கா. விழுந்த நேரத்துக்குக் கூலியப் பிடிச்சாங்களே, அது எங்க?"

"நாலாவது ஆள் உலாவுறாராம்" என்றார் பாய்லர்காரர், உலைக் கதவை மூடிக்கொண்டே. "உலாவட்டும். ஆணியடிச்சது யாருன்னு எழுத உனக்குத் தைரியம் இல்ல. கிணத்தப் பாதி தாண்டினவ மாதிரி எழுதியிருக்க."

அப்படி ஒரு திட்டை அவள் வாழ்க்கையில் வாங்கியதில்லை. அழுகை வந்தது. அழுகையோடு, இது என்ன என்றும் புரிந்தது. சொல்ல ஆளில்லை என்றுதானே கோபப்பட்டாள்? எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"மெதுவாச் சொல்லுங்கக்கா" என்றாள். "ஒவ்வொருத்தரா."

சனிக்கிழமை பாஸ்டரின் அறையில் அவள் கொடுத்த தாள்களை அவர் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பார்த்தார்.

"என்னம்மா இது? நாலு வரிதானே கேட்டோம். இது முன்னதைவிட நீளமா இருக்கே."

"ஆமா பாஸ்டர். சேர்ந்துடுச்சு."

"மறுப்பு எங்க?"

"அப்படி ஒரு இடம் இருக்கு பாஸ்டர். மறுக்க முடியல." அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. "பேர் போடணும்னு மூப்பர் சொன்னாரு. போட்டிருக்கேன். எங்க எல்லார் பேரும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூப்பர் தாள்களை வாங்கிக் குறுக்காகக் கிழித்தார். நெடுக்காகவும் கிழித்தார். பாஸ்டர் காலண்டர் படத்தைப் பார்த்தார். துண்டுகள் குப்பைக்கூடையில் விழுவதை ஊமச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். திகைப்பு இல்லை. ராஜா சுருளை அறுக்கிற இடம்வரைக்கும் அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.

அன்று வீட்டில் அண்ணி அவளுக்குத் தட்டு வைக்கவில்லை. அண்ணன் தன் தட்டிலிருந்து பாதியை ஒதுக்கி மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். வாசலில் மேற்பார்வையாளர் மறித்தார். "உன்னை உள்ள விட வேணாம்னு உத்தரவு."

"எங்களையும் விட வேணாம்னு உத்தரவு வாங்கிட்டு வா" என்றாள் நெட்டை, பின்னாலிருந்து. "அந்த உருளைகிட்ட நீ வந்து நில்லு, பாக்கலாம். ஆஸ்பத்திரிக்காரன் விரிப்பு கேட்டு வண்டியோட நிக்கறான்."

மேற்பார்வையாளர் போன் பேசிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். திரும்பி வரும்வரை எல்லோரும் வாசற்படியில் நின்றார்கள். அவர் என்ன பதிலோடு வருவார் என்று யாருக்கும் தெரியாது.

"கொடுத்தியா?" என்று பெரியக்கா கேட்டாள்.

"கொடுத்தேன். கிழிச்சுட்டாரு."

"கிழிப்பான். வேற என்ன செய்வான்?" பெரியக்கா படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் தட்டிக் காட்டினாள். "நின்னுக்கிட்டே என்ன பாக்கற? பேனா கொண்டு வந்தியா, இல்லையா? அன்னிக்கு அவசரத்துல ஒண்ணைச் சொல்ல விட்டுட்டேன். இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுது."

ஊமச்சி உட்கார்ந்தாள்.