குளிர்ந்த தண்ணீரில் குறைந்த உப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நான் ஒத்துக்கொண்டதில்லை. போன மார்கழிக்குப் பிறகு ஒத்துக்கொள்கிறேன்.

நீச்சல் குளங்களைப் பராமரிப்பது என் தொழில். கோயம்புத்தூர் பங்களாக்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களின் தோட்ட வீடுகள் என்று வாரம் முழுக்க அலைச்சல்தான். இப்போதெல்லாம் குளோரின் பொடியை விட்டுவிட்டு உப்பு மெஷின் வைக்கிறார்கள். குளத்தில் மூட்டை உப்பைக் கரைத்துவிட்டால், மெஷின் அந்தத் தண்ணீரில் கரண்ட் பாய்ச்சித் தானே குளோரின் உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று முகப்பில் ஓர் எண்ணும் காட்டும். அந்த எண்ணை நான் வேதவாக்காக நம்பினேன்.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலைப்பாதையில் பாதி ஏறினால் ஒரு தோட்ட வீடு. முதலாளி எப்போதாவதுதான் வருவார். காவலுக்குத் தாராபுரம் பக்கத்து ஆள் ஒருவரும் அவர் மனைவியும் பின்னாலிருந்த அறையில் இருந்தார்கள். அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். தோட்டங்காட்டில் கூலி வேலை செய்து முதுகு போன பிறகு கிடைத்த வேலை இது. குளத்தைக் கூட்டுவதும் உப்புக் கொட்டுவதும் அவர் பொறுப்பு. நான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்த உயரத்தில் நான் பார்த்துக்கொண்ட ஒரே குளம் அதுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் எண் குறைந்திருந்தது. "ஒரு மூட்டை கொட்டிப்போடுங்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனால், ஏறியிருக்க வேண்டிய எண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னொரு மூட்டை கொட்டச் சொன்னேன். மார்கழி பிறந்த பிறகு போனேன், அப்போதும் அதே கதை. உப்பு ஆவியாகிற சமாச்சாரம் இல்லை. குளத்தில் கசிவும் இல்லை, தண்ணீர் மட்டம் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. பிறகு எங்கேதான் போகிறது?

அந்தக் குளத்தங்கரையில் நிற்கவே எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான். காலை பத்து மணிக்கும் மூடுபனி விலகவில்லை. தண்ணீர் அநியாயத்துக்குத் தெளிவாக இருந்தது. ஒரு தவளை இல்லை, கொசு இல்லை, தண்ணீர்ப் பூச்சிகூட இல்லை. அடியில் ஒரு பலா இலை கிடந்தது. போன முறை வந்தபோது பார்த்த அதே இலை, அழுகாமல் அப்படியே பச்சையாக இருந்தது.

"அதைக்கூடவா எடுக்க முடியலீங்க?" என்றேன்.

"அதுக்குள்ள கை உட பயமா இருக்குதுங்க" என்றார் அவர். "பார்த்தா தண்ணி இருக்கற மாதிரியே தெரியலீங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. "உப்பை எங்கே வித்த?" என்று கேட்டேன். அதுவரை அவரை 'ங்க' போடாமல் நான் பேசியதில்லை. மனுஷர் காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து காட்டினார். சாக்கை யார் வேண்டுமானாலும் காட்டலாம், மெஷின் பொய் சொல்லாது என்றேன். உள்ளே போய்ச் சூடம் எடுத்து வந்து, கல்மேல் வைத்துக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "நான் கொட்டுனனுங்க, சத்தியமா கொட்டுனனுங்க."

"சூடம் அணைச்சா உப்பு ஏறிருமா?" என்றேன். சொன்னேன், என்ன செய்வது. அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டேன். அன்று சாயங்காலமே இருவரும் பாத்திரம் பண்டத்தோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

புது ஆள் வரும்வரை இரண்டு நாள் என்னையே தங்கச் சொன்னார் முதலாளி. மறுநாள் பொழுது சாய என் கையாலேயே ஒரு மூட்டையைக் கொட்டினேன். கரையட்டும் என்று மோட்டாரை ஓடவிட்டு, மெஷின் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

விடிந்ததும் திறந்து பார்த்தேன். எண்ணே இல்லை. அந்த இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மெஷின் மட்டும் நின்றுபோயிருந்தது. "யாரது?" என்று கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த மலையில் என்னைத் தவிர ஒரு ஜீவன் இல்லை.

வெகுநேரம் கழித்துத்தான் குளத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. கரித்தது. நன்றாகவே கரித்தது.

மெஷின் விற்றவருக்குப் போன் செய்தேன். "ஏனுங்க, தண்ணி சில்லுனு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"கை விறைச்சுப்போச்சுங்க."

சிரித்தார், பாவி. தண்ணீர் குளிரக் குளிர அதில் கரண்ட் சரியாக ஓடாதாம். ஓடுகிற கரண்டை வைத்துத்தான் மெஷின் உப்பைக் கணக்குப் போடுகிறது, அதனால் இருக்கிற உப்பையும் குறைத்தே சொல்லும். இன்னும் குளிர்ந்தால் தன் தகடுகள் கெட்டுவிடக் கூடாதென்று தானே நின்றுவிடும். "கோயம்புத்தூர்க் குளிருக்கெல்லாம் அப்படி ஆகாதுங்க. அது மலையாச்சுங்களே" என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். "சரி உடுங்க, புது ஆளுக்குச் சொல்லிப்போட்டனே" என்று வைத்துவிட்டார்.

விசாரித்துக் காவல்காரர் வீட்டைக் கண்டுபிடிக்கத் தை பிறந்துவிட்டது. தாராபுரத்துக்கு வெளியே வாய்க்காலை ஒட்டிய ஓட்டு வீடு. மத்தியான வெயிலில் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தண்ணீர், குளிர், கரண்ட் என்று எல்லாவற்றையும் உளறிக்கொட்டி, "தப்பு என்மேலதாங்ணா, மன்னிச்சுருங்க" என்றேன். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் வந்திருந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை.

"அப்ப, நானில்லீங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மனைவிதான் சொன்னார். "மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல. அப்ப நாந்தான் தூக்கத்துல எந்திரிச்சுப் போயி உப்பை எடுத்துப்போட்டு மறந்தர்றன் போலன்னு இவரு மலையிலயே பொலம்ப ஆரம்பிச்சுட்டாருங்க. இங்க வந்தும் உடலீங்க. பொழுது போனா, கட்டலோட என் காலைக் கட்டிப்போடு அம்மணின்னு அழுகறாரு. நானும் கட்டறனுங்க."

கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டில் காலில் கயிறு தொங்கியது. அவர் கணுக்காலில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

"நானில்லியாம் புள்ள" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நெசமாத்தானுங்களா?" என்று மறுபடியும் கேட்டார்.