இஸ்திரி போட்ட கோட்டு

அரூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே இஸ்திரி வண்டி ஒன்று நிற்கிறது. நான் சென்னை போய்க் கப்பல் ஏற வேண்டும். மகள் ஏற்பாடு செய்த கடல் சுற்றுலா. ஒருநாள் விருந்துக்குக் கோட்டு போட்டால் நல்லது என்கிறாள். நீச்சல் தெரியாத எனக்குக் கப்பல் என்றாலே பயம், இதில் கோட்டு வேறு. எடுத்துப்போவதா, வழியனுப்ப வந்திருக்கும் தம்பியிடம் கொடுத்து அவன் வீட்டில் விட்டுப்போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. எதற்கும் தேய்த்து வைப்போம் என்று கொடுக்கிறேன்.

கழுத்தில் சிலுவை அணிந்த இஸ்திரிக்கார அம்மாள் கோட்டைப் பிரித்ததும் குரலைத் தாழ்த்துகிறார்.

"எப்பங்க எடுக்கறது?"

"பஸ் வர்றதுக்குள்ளங்க."

"கோட்டை இல்லீங்க. அடக்கம் எப்பன்னு கேட்டேன். எங்கூர்ல ஆம்பளைங்களுக்குக் கடைசியா பொட்டியில வெக்கறப்பத்தான் கோட்டு போடுவோம். இது யாருக்குங்க?"

"எனக்குத்தாங்க. கப்பல்ல போறேன்."

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நிற்கிறது. என்னைப் பார்க்கிறார், கோட்டைப் பார்க்கிறார். பிறகு வாய்க்குள் ஜெபித்தபடியே சுருக்கமில்லாமல் தேய்த்து, கோட்டின் இரண்டு கைகளையும் மார்பின் மேல் மடித்து நீட்டுகிறார்.

பேருந்து வந்துவிட்டது. எடுத்துப்போனால் இது கடலில் என்னோடு இருக்கும். விட்டுப்போனால் தம்பி வீட்டில் எனக்காகத் தயாராக இருக்கும்.