குத்தாத கற்கள்

என் காலிலிருந்து குருதி வழிவதை முதலில் கண்டவன் நான் அல்லன். கேரள மலையில், உடும்பஞ்சோலைக்கு மேலே உள்ள எங்கள் சிற்றாலயத்தின் சிமென்ட் தரையில், வாயிலிலிருந்து நான் அமர்ந்திருந்த பாய்வரை, வலக்காலின் அச்சு மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஏலக்காட்டில் களையெடுக்கும் ஆரோக்கியமேரி அதைப் பார்த்துவிட்டுச் செபத்தின் நடுவிலேயே குரல் கொடுத்தார்.

“சார், கோழி அறுத்துட்டு உள்ள வந்த மாதிரி இருக்கு. காலைத் தூக்குங்க.”

தூக்கினேன். உடைந்த புட்டியின் துண்டொன்று உள்ளங்காலில் ஆழச் செருகியிருந்தது. எவ்வளவு தொலைவு அதனுடன் நடந்தேன் என்பது எனக்குத் தெரியாது. வலி சிறிதும் இல்லை. அதைக் கண்டு அங்கிருந்தோர் வியந்தனர். உண்மையைச் சொல்வதானால், நானும் உள்ளூர மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். என்னைப்போல் நோயுற்ற ஒருவர் இதைப் படிப்பாராயின், அவருக்கு நான் கூறக்கூடிய பயனுள்ள செய்தி அதுவே.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். புனித பிரான்சிசு வழியில் வாழ முயலும் இல்லறத்தார் குழுவில் (மக்கள் வழக்கில் ‘மூன்றாம் சபை’, துறவு பூணாமல், குடும்பத்தில் இருந்தபடியே எளிமையையும் உடன்பிறப்புணர்வையும் கடைப்பிடிப்போர்) இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். நாங்கள் பதினான்கு பேர். பெரும்பாலோர் ஏலத்தோட்டத் தொழிலாளர். மாதம் ஒருமுறை கூடுவோம். வெள்ளிதோறும் நோயுற்றோர் இல்லங்களுக்குச் செல்வோம்.

நான்காண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில் நான் காலணியைத் துறந்தேன். சபை ஒழுங்கு அதைக் கோரவில்லை. எளிமையை உடலாலும் கற்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். முதலாண்டு ஏலக்காட்டுப் பாதையின் ஒவ்வொரு கல்லும் குத்தியது. அடுத்த ஆண்டு குத்தல் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் கற்கள் குத்தவே இல்லை. அதைத் தவத்தின் பயன் என்று கொண்டேன். “உடல் பணிந்துவிட்டது” என்று கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். இருவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

புட்டித்துண்டு தைத்த புண் ஆறு வாரமாகியும் ஆறவில்லை. என் மனைவி ரெசினா என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். தோல்நோய்ப் பிரிவின் மருத்துவர் மலையாளப் பெண்மணி; தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். சுடுநீர் நிறைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றையும் குளிர்நீர்க் குழாய் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, என்னைக் கண்மூடச் சொன்னார்.

“சாரே, இது சூடா, தணுப்பா?”

“சூடு.”

“இது?”

“குளிர்ச்சி.”

“இது?”

“சூடு.”

“ஊகிச்சுப் பறையண்டா, சாரே. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. மூணு தடவையும் ஒரே குழாய்தான்.”

எத்தனை காலமாக மரவிப்பு (உணர்விழப்பு) இருக்கிறது என்று கேட்டார். “மரவிப்பு அன்று, அது தவப்பயிற்சி” என்றேன். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு என் முழங்கையின் பின்புறத்தையும் கணுக்காலின் உட்புறத்தையும் விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்புகள் கயிறுபோல் தடித்திருந்தன. முதுகில், நாங்கள் தேமல் என்று விட்டுவைத்த செம்புநிறத் திட்டுகளிலும் உணர்வில்லை. காதுமடலைக் கீறி எடுத்த நீரில் நோய்க்கிருமி இருப்பதாக மறுவாரம் தெரிந்தது. தொழுநோய்.

நோய் என் உடலில் பல ஆண்டுகளுக்கு முன்பே புகுந்திருக்க வேண்டும் என்றும், காலணி துறந்ததால் அது வரவில்லை என்றும், ஆனால் உணர்வற்ற கால் வெறுங்காலாக இருந்ததே புண்ணுக்குக் காரணம் என்றும் மருத்துவர் விளக்கினார். “பேடிக்க, பயப்பட ஒண்ணுமில்லை. முழுக்க மாறும், குணமாகும். நரம்புக்கு வந்த கேடு மட்டும் திரும்பி வராது” என்றார்.

வீடு திரும்பும் பேருந்தில் ரெசினா, “நீங்க தவம்னு சொன்னீக. நானும் நம்பி, அக்கம்பக்கத்துல பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன்” என்றாள். அவ்வளவே. அதன் பின் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பன்மருந்துச் சிகிச்சை (மூன்று மருந்துகளை ஓராண்டு சேர்த்து உண்ணல்) தொடங்கியது. மாதத்தின் முதல் வேளை மருந்தை நலவாழ்வுப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவந்து போகும்; அஞ்ச வேண்டியதில்லை. இன்னொரு மருந்தால் தோல் கருத்துவரும். அதுவும் சிகிச்சை முடிந்தபின் மெல்ல மாறும். இரண்டாம் மாதம் எனக்கு நரம்பழற்சி (மருந்தால் மடியும் கிருமிகளை எதிர்த்து உடல் தானே வீங்கிச் சினத்தல்) வந்தது. அதைத் தணிக்க இயக்கூக்கி (ஸ்டீராய்டு) மருந்து கொடுத்தனர்.

அந்த மருந்து என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. புண் ஆறும்வரை நடக்கக்கூடாது என்பது கட்டளை. உடலோ நட, நட என்றது. நாற்காலியில் அமர்ந்தால் அடுத்த நொடியே எழ வேண்டும்போல் இருக்கும். நூலைத் திறப்பேன், இரண்டு வரிக்குள் மூடுவேன். செபமாலையின் ஐந்து மணிகளைத் தாண்ட முடியாது. சன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையே ஊன்றுகோலுடன் அலைந்துகொண்டே இருந்தேன். இம்மருந்து உண்போர் இதை அறிந்திருத்தல் நலம்: அது உங்கள் குணக்கேடு அன்று.

ஆனால் என் அமைதியின்மை முழுவதையும் மருந்தின்மேல் ஏற்றிவிட முடியாது. நான் பொய் சொல்லியிருந்தேன்.

குழுவினரிடம் ‘சர்க்கரைப் புண்’ என்று கூறியிருந்தேன். எங்கள் புனிதராகிய பிரான்சிசு தொழுநோயாளர் ஒருவரைத் தழுவிக்கொண்ட நிகழ்ச்சியை ஆண்டுதோறும் கூட்டத்தில் விளக்குபவன் நானே. இருபது ஆண்டுகளாகத் தழுவியவரின் உள்ளத்தைப் பற்றியே பேசியிருக்கிறேன். தழுவப்பட்டவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதாக நினைவில்லை. இப்போது அந்த இடத்தில் நான் நிற்கிறேன். அவர்கள் பின்வாங்கினால் எனக்கு வேறு சுற்றம் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

மூன்று மாதம் இப்படிக் கழிந்தது. பின்னர் நலவாழ்வுப் பணியாளர் ஒரு நாள் பகலில் வீட்டுக்கு வந்தார். மருந்து தொடங்கியதும் என்னிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிட்டது; ஆயினும் அதற்கு முன் என்னுடன் நெருங்கிப் பழகியோரைச் சோதித்து, ஒரே ஒரு வேளைத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்றார். ரெசினா முன்னமே மருந்து உண்டிருந்தாள்.

“வேற யாரு சார், வாராவாரம் கூடவே இருந்தவுக?”

எழுந்து சன்னல்வரை நடந்தேன், திரும்பி வந்தேன்.

“உங்க சம்மதம் இல்லாம உங்க பேரை நாங்க சொல்ல மாட்டோம். ஆனா நீங்களே சொன்னா நல்லது” என்றார் அவர்.

அடுத்த கூட்டத்தில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டுபோய்ப் படித்தேன். சொற்களைப் பொறுக்கி எழுதியிருந்தேன். பாதிவரை யாருக்கும் புரியவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. தாளை மடித்துவிட்டு, “எனக்குக் குஷ்டம் வந்திருக்கிறது” என்றேன்.

குழுத்தலைவர் அந்தோணி, தோட்ட மேற்பார்வையாளர், கண்ணீருடன் எழுந்து வந்து, என் முன் மண்டியிட்டு, காலில் சுற்றியிருந்த கட்டின்மேல் முத்தமிட்டார். அவருக்குப் பின் இன்னொருவர். பின்பு வரிசையே உண்டாகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தனர். ஒருவர் கைப்பேசியில் படமும் எடுத்தார்.

பின்வாங்குவார்களோ என்று அஞ்சியிருந்தேன். அது நேரவில்லை. பெரிய வெள்ளியன்று மக்கள் முத்தமிடும் சிலுவைச் சுரூபத்தைப்போல் அங்கே அமர்ந்திருந்தேன். அவர்களுள் எவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆரோக்கியமேரி மட்டும் தன் பாயைவிட்டு அசையவில்லை.

“முத்தி முடிச்சாச்சா எல்லாரும்? கட்டு அழுக்காகுது, தள்ளுங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏன் சார், மூணு மாசமா எங்ககிட்டப் பொய் சொன்னீக? சக்கரைன்னு நம்பி நான் பாகற்காயா பறிச்சுக் குடுத்தனுப்புறேன், நீங்களும் வாயைத் திறக்காமத் தின்னிருக்கீக.”

“மேரி, இப்பப் போயி...” என்றார் அந்தோணி.

“இப்பத்தேன் கேக்கணும். நோய் வந்தது அவரு குத்தமில்ல. பொய் சொன்னது அவரு குத்தம்.”

“மன்னியுங்கள்” என்றேன்.

“மன்னிச்சாச்சு. செருப்பு எங்க?”

மருத்துவமனையில் தந்த மென்ரப்பர்க் காலணியை (உணர்வற்ற பாதத்தைக் காக்கும் தனிக் காலணி) வெளியே கழற்றி வைத்திருந்தேன். அவரே போய் எடுத்து வந்து முன்னால் போட்டார். “கோயிலுக்குள்ளயும் போடுங்க. ஆண்டவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சொன்னா நான் பேசிக்கிறேன்.” அன்று என் முகத்தைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவரே.

அனைவரும் சோதிக்கப்பட்டனர்; எவருக்கும் நோய் இல்லை; தடுப்பு மருந்து உண்டனர். அதன்பின் வெள்ளிதோறும் குழுவினர் என் வீட்டுக்கே வரத் தொடங்கினர். நான் கட்டிலில் இருக்க, சூழ்ந்து நின்று பாடினர். ஆரஞ்சுப்பழம் கொணர்ந்தனர். எனக்குக் கால் மாற்றி வைக்க வேண்டும்போல் இருக்கும். பாட்டு முடியட்டும் என்று பொறுப்பேன். எழுந்து நடக்க வேண்டும்போல் இருக்கும். அவர்கள் மனம் நோகுமே என்று கிடப்பேன். நான்காம் வெள்ளியன்று, பாட்டின் நடுவில், முத்தையாவின் நினைவு வந்தது.

முத்தையா நிழல்மரத்தின் கிளை வெட்டுகையில் விழுந்து, இடுப்பு நொறுங்கி, எட்டாண்டுகளாகக் கட்டிலில் இருப்பவர். மனைவி வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்புவாள். அவரை ஆறாண்டுகளாக வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் சந்தித்துவந்தோம். முன்னின்று செபிப்பவன் நான்.

மறுநாள் தோட்டத்து ஜீப்பில் தனியே அவரிடம் போனேன்.

“வாங்க சார். இன்னைக்குச் சனிக்கிழமையில்ல? பாட்டுக்காரவுக எங்க?”

“நான் மட்டும்தான். உங்களிடம் ஒன்று கேட்க வந்தேன். நாங்கள் வருவது உங்களுக்கு எப்படி இருந்தது?”

அவர் என் கருத்த முகத்தைப் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

“நெசத்தைச் சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது. மூணு மணி ஆனா எனக்கு மூத்திரம் முட்டும் சார். கரெக்டா அப்பத்தேன் வருவீக. அரை மணி நேரம் செபம், அப்புறம் பாட்டு. சமயத்துல தூங்குற மாதிரிக் கெடந்துருவேன். தூங்குறாருன்னு இன்னொரு பாட்டு மெதுவாப் பாடுவீக.”

“ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?”

“யாருகிட்டச் சொல்ல? எல்லாரும் கண்ண மூடியிருந்தீகளே.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எழுந்து நடக்க முயன்றேன். அந்த அறையில் நடக்க இடமில்லை.

“இப்பொழுது வேண்டுமா?” என்று கேட்டேன்.

“கேட்டதே போதும் சார்... வேணும்தேன். அந்தப் பாட்டிலை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டேன். வெளியே கொட்டிக் கழுவி வந்தேன். ஆறாண்டுகளில் அவருக்கு நான் செய்த முதல் உதவி அது என்று எண்ணுகிறேன். குழுவினரிடம் இதைச் சொன்னபோது அந்தோணி வருந்தினார். ஒருவர் சினந்து இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. இப்பொழுது இருவர் இருவராகப் போகிறோம். முதலில் கேட்கிறோம். சில இடங்களில் செபம் வேண்டாம் என்கிறார்கள். விறகு பிளந்து கொடுத்துவிட்டு வருகிறோம்.

ஓராண்டுச் சிகிச்சை முடிந்துவிட்டது. கிருமி இல்லை. தோலின் கருமை மெல்ல வெளுக்கிறது. உள்ளங்கால்களின் உணர்வு திரும்பவில்லை, திரும்பாது. என் கை காலைத் தொடும்போது கைக்குக் கால் தெரிகிறது. காலுக்குக் கை தெரிவதில்லை. என் உடலில் எனக்குச் செய்தி அனுப்பாத ஒரு பகுதி இருக்கிறது; அதை நாள்தோறும் நான்தான் போய்ப் பார்த்துவர வேண்டும். முதுமையில் முட்டி மடங்காததால் அதற்கும் பிறர் கண் வேண்டும். வீட்டில் ரெசினா பார்க்கிறாள்.

சென்ற வெள்ளியன்று முத்தையாவின் வீட்டில் இருந்தேன். என்னுடன் வந்த ஆரோக்கியமேரி அடுத்த வீட்டுக்கு முன்னே போயிருந்தார். அவருடைய பாட்டிலைக் கழுவி வைத்ததும், “உங்க காலைக் காட்டுங்க சார்” என்றார். கட்டிலின் விளிம்பில் பாதத்தைத் தூக்கி வைத்தேன். சுவரில் சாய்ந்தபடி அதைத் தன் மடிக்கு இழுத்து, இரு கைகளாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அவர் அழுத்துவது என் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

“பெருவெரலுக்குக் கீழ செவந்திருக்கு. சூடாவும் இருக்கு. எங்கிட்டாவது ரொம்ப நடந்தீகளா?”

“மேட்டுப் பாதையில் சிறிது.”

“இனி நடக்காதீக. ஜீப்பு வார வரைக்கும் இங்கேயே உக்காருங்க.”

ஜீப் வர இரண்டு மணிநேரம் இருந்தது. இன்னும் மூன்று வீடுகள் பார்க்க வேண்டும் என்றேன். எழ முயன்றேன். அவர் காலை விடவில்லை.

“அங்க மேரியக்கா போயிக்கிரும். உக்காருங்க சார்.”

அமர்ந்தேன். முதல் அரைமணி நேரம் மிகக் கடினமாக இருந்தது. பின்பும் எளிதாகிவிடவில்லை. வெயில் கட்டிலின் காலிலிருந்து சுவருக்கு ஏறிற்று. என் பாதம் அவர் மடியில் இருந்தது.