சக்கரம் கண்டுபிடித்தவரின் முகம்

சும்மா இருப்பதையே ஒரு தொழிலாகச் செய்தவர் என்றால் அது சிற்பியின் அக்கா புருஷன்தான். தெருவில் அவருக்குக் கம்பம் என்று பெயர். காலையில் கடை முக்கில் நிற்பார். மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் நிற்பார், எந்த பஸ்ஸிலும் ஏற மாட்டார். சாயங்காலம் யார் வீட்டிலாவது கூரை மாற்றினால் அங்கே போய் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "அந்த ஓடு சரியா உக்காரலையே" என்பார். ஏணியைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றால் போதும், முதுகு பிடித்துக்கொள்ளும். நிற்பதற்கு மட்டும் அந்த முதுகு ஒரு நாளும் தடை சொன்னதில்லை.

அவரைக் கண்டாலே சிற்பிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த உடம்பு இருக்கிறதே, அது கடவுள் விலாசம் மாறிக் கொடுத்துவிட்ட உடம்பு. ஒரு மூட்டை தூக்காதவருக்கு மூட்டை தூக்கித் தூக்கி இறுகின தோள். கடைந்து வைத்த மாதிரி தொடை. குறை என்று சொன்னால் இரண்டே இரண்டுதான். காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருக்கும், அதுவும் அவரைப் போலவே சோம்பேறி. இன்னொன்று வாய். எந்நேரமும் திறந்தே கிடக்கும். கீழுதடு தொங்கும். ஈ உள்ளே போய் நாலு இடம் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாக வெளியே வரலாம்.

இப்படிப்பட்ட ஆளுக்கும் ஒரு காலம் வந்தது. நகராட்சித் தலைவர் வெளியூர் போனபோது எங்கோ ஒரு பூங்காவில் சிலை வரிசையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஏரிக்கரையில் நமக்கும் ஒரு 'உலக மேதைகள் பூங்கா' வேண்டும் என்று குழு போட்டார். குழுவும் சரித்திரத்தைப் புரட்டி மேதைகளைப் பொறுக்கியது. பொறுக்கின அழகைப் பார்க்க வேண்டுமே! அடுத்தவன் ஊரைக் கொளுத்திக்கொண்டே போன படையெடுப்பாளன் ஒருத்தன், குதிரையோடு. வழி தவறிப் போய் ஒரு கண்டத்தில் முட்டிக்கொண்டு, அங்கே ஏற்கனவே ஜனம் குடியிருந்தும் கண்டுபிடித்தவன் என்று பேர் வாங்கிய மாலுமி. ஆயிரக்கணக்கான ஆட்கள் கல் சுமந்து சாக, புகழ் மட்டும் தனக்கு என்று வைத்துக்கொண்ட மதில் சக்கரவர்த்தி. நைல் நதிக்கரை மகாராணி. விஷக் கோப்பையோடு தத்துவ ஞானி. தேசம் தேசமாக நடந்த ஒரு துறவி. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது குழுவில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியை, "சக்கரம் கண்டுபிடிச்சவரை விட்டுட்டீங்களே?" என்றார். அதுவும் சரிதான் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவன் எந்த தேசம், ஆணா பெண்ணா, ஒரே ஆளா ஊரே சேர்ந்தா, யாருக்கும் தெரியாது. தெரியாததால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

வேலை சிற்பிக்கு வந்தது. கம்பி கட்டி, களிமண் அப்பி, அச்செடுத்து, சிமெண்டு ஊற்றி, வெண்கலப் பூச்சு பூச வேண்டும். மேதைக்கு ஒரு உடம்பு தேட அவன் என்ன பைத்தியமா? எல்லாருக்கும் ஒரே உடம்பு, தலை மட்டும் புத்தகப் படத்தைப் பார்த்து வேறு வேறாக. உடம்புக்கு மாமாவைக் கூப்பிட்டான்.

அக்கா கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "நிக்கறதுக்குக் கூலியா? முன்னாடியே சொல்லியிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்போமேடா!"

மாமா நின்றார். நின்ற நின்ற வேஷம் அவர் மண்டைக்குள் ஏறியது. படையெடுப்பாளனுக்கு நின்ற வாரம் வீட்டில் தண்ணீர் கேட்கும்போது விரலை நீட்டிக் கேட்டார். தத்துவ ஞானிக்கு நின்ற வாரம் முடிவெட்டுகிறவரிடம் போய், "வாழ்க்கைன்னா என்னய்யா?" என்றார். அவர், "தலையை ஆட்டாம இருக்கிறது" என்று கத்திரியைப் போட்டார். மகாராணிக்குப் பெண் ஆள் யாரும் அமையவில்லை. போர்வையைச் சுற்றி அதற்கும் மாமாவையே நிறுத்தினான் சிற்பி. உடம்பு முழுக்கத் துணி, வெளியே தெரிவது பாதம் மட்டும். விரலை நேராக்க அவனுக்குப் பொறுமை இல்லை, அப்படியே விட்டான்.

"இதை உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத மாப்ளே" என்றார் மாமா, போர்வைக்குள்ளிருந்து.

சக்கரக்காரன் உடம்பு வரைக்கும் முடிந்து, கடைசியாகத் துறவிக்கு நிற்கும்போதுதான் வினை பிடித்தது. கையில் கோலோடு நின்றபடி மாமா கேட்டார். "அந்தச் சக்கரக்காரனுக்கு எந்தப் புஸ்தகத்துலேருந்து தலை எடுப்பே?"

"எதுலயும் இல்ல மாமா. அவன் மூஞ்சியை எவன் பார்த்தான்?"

"அப்ப அது யாரு மூஞ்சி?"

"யாருதும் இல்ல."

மாமாவின் வாய் மூடிக்கொண்டது. சிற்பி அதை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தான்.

"எனக்குக் குடு மாப்ளே. ஏரிக்கரை பூரா என் தொடை நிக்கப்போவுது, என் தோள் நிக்கப்போவுது. எவனாவது கம்பம்னு சொல்லுவானா? உங்க அக்கா ஒரு நாள் அங்க வந்து என்னை நிமிர்ந்து பாக்கணும். கட்டின நாள்லேருந்து அவ என்னை நிமிர்ந்து பாத்ததே இல்ல."

பார்க்கிற மாதிரி என்ன செய்தீர் என்று கேட்க சிற்பிக்கு நாக்கு துறுதுறுத்தது. துறவிக்கு இன்னும் வலது கால் பாக்கி. "பாக்கலாம்" என்றான்.

அடுத்த நாளே தலைவர் பட்டறைக்கு வந்துவிட்டார். மனிதர் புருவத்தைச் சுருக்கி, மோவாயைத் தூக்கி, உதட்டை இறுக்கித்தான் நடப்பார். சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கும் அவர் படத்திலும் அதே மூஞ்சிதான். எது அசல், எது ஒட்டினது என்று தெரியாது.

"அவன் யாருன்னே தெரியாதாமே? அப்ப என் மூஞ்சியை வெச்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

சிற்பிக்கு முதுகெலும்பு களிமண். "வெச்சுடலாங்க" என்றான்.

பின்னால் நங்கென்று சத்தம். துறவியின் கோல் கீழே கிடந்தது. தலைவர் கார் ஏறும்வரை மாமா பொறுத்திருந்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"மூஞ்சி எனக்கு இல்லன்னா கால் உனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

துறவி ஒற்றைக் காலோடு தேசம் தேசமாகப் போக வேண்டிய நிலைமை. வேறு காலை ஒட்டலாம் என்று எதிர்க் கடைக்காரரை நிறுத்திப் பார்த்தான் சிற்பி. கொக்குக் கால். யானைக்குக் கைத்தடி கட்டின மாதிரி இருந்தது. சகித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா விளக்குமாற்றோடு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியா? உன் மாமா இப்ப வீட்டுக்குள்ள நிக்கறார்டா. அடுப்படில நிக்கறார், கதவாண்ட நிக்கறார். கூட்ட முடியல, துடைக்க முடியல. அந்தப் பாழாப்போன மூஞ்சியைக் குடுத்துத் தொலையேன். பேர் தெரியாத ஒருத்தனுக்கு இவர் மூஞ்சி இருந்தா உலகம் என்ன உருளாமலா போயிடும்?"

"தலைவர் கேக்கறாரேக்கா."

"கேக்கறவனுக்கெல்லாம் குடுப்பியா? அப்ப உன் மூஞ்சி எதுக்கு இருக்கு?"

சிற்பி தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினான். ஆனால் அவன் ஒரு மண்ணும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தலைவரே தன் மூக்கைத் தானே உடைத்துக்கொண்டார். சக்கரக்காரனின் களிமண் உடம்பு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர், முதலில் சக்கரத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா, பலகையை வட்டமா வெட்டி வெச்சிருக்கே? உள்ள கம்பி எங்க?"

"முதல் முதல்ல அப்படித்தாங்க. கம்பியெல்லாம் ரொம்பப் பின்னாடி."

அப்புறம்தான் அவர் கண் இடுப்புக்கு வந்தது. ஒரு முழத் தோல். அவ்வளவுதான்.

"துணி?"

"அந்தக் காலத்து ஆளுங்க. தோலுதான்."

"ஒரு கோட்டு கீட்டு?"

"சக்கரமே இல்லாத காலத்துல கோட்டு ஏதுங்க?"

தலைவர் தன் தலையை அந்த வெற்றுத் தொப்புளுக்கு மேலே மனசுக்குள் பொருத்திப் பார்த்தார். "சம்பந்தி வீட்டாளுங்க தினமும் ஏரிக்கரைலதான் நடக்க வர்றாங்க..." என்று முனகினார். பிறகு மோவாயைத் தூக்கிக்கொண்டு, "வேணாம் விடு. பதவில இருக்கறவனுக்குத் தன்னடக்கம் முக்கியம்" என்றார்.

ஆக முகம் மாமாவுக்கு வந்து சேர்ந்தது. துறவிக்குக் காலும் வந்தது.

முகத்துக்கு உட்கார வந்த அன்று மாமா வழுவழுவென்று சவரம் செய்திருந்தார். பலகையில் உட்கார்ந்தார். புருவத்தைச் சுருக்கினார், மோவாயைத் தூக்கினார், உதட்டை இறுக்கினார். இவ்வளவு காலமாகப் பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒட்டின படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது வீண் போகவில்லை. சிற்பி கையில் மண்ணோடு முழித்தான்.

"மாமா, வாயை விடுங்க."

"எப்படி விடறது?"

"எப்பவும் விடற மாதிரி."

"சக்கரம் கண்டுபிடிச்சவன் வாயைப் பொளந்துக்கிட்டா நின்னிருப்பான்?"

"ஏன் நிக்கக்கூடாது? முதல் தடவை அது தானா உருண்டப்ப எவனுக்குத்தான் வாய் பொளந்திருக்காது?"

"உனக்கு ஒண்ணும் தெரியல மாப்ளே. பெரிய மனுஷன் மூஞ்சின்னா ஒரு இது வேணும்."

அந்தத் தொங்குகிற உதட்டைச் சிற்பி கண்ணைக் கட்டிக்கொண்டே செய்துவிடுவான். வருஷக்கணக்காகப் பார்த்துச் சலித்த உதடு. செய்திருக்கலாம். ஆனால் துறவியை நட்டாற்றில் விட்டுப்போன கோபம் இன்னும் ஆறவில்லை. கேட்டதையே கொடுப்போம் என்று எதிரே கண்டதை அப்படியே பிடித்தான். மூன்று நாள் மாமா அந்த மூஞ்சியை இறக்கவில்லை. சாப்பிடும்போதுகூட இறக்கவில்லை, சோறு எப்படி உள்ளே போனது என்பது அவருக்கே வெளிச்சம்.

திறப்பு விழா. துணியை இழுத்தார்கள். மாமா சக்கரக்காரனுக்குப் பக்கத்தில் போய், அக்கா வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றியிருந்த கூட்டத்தில் ஒருத்தரும் சிலையையும் பக்கத்தில் நின்றவரையும் சேர்த்துப் பார்க்கவில்லை. படம் எடுக்க வந்த ஒரு குடும்பம், "அண்ணே, கொஞ்சம் மறைக்காம தள்ளுங்க" என்றது.

அக்கா வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நல்லா, பின்னால் இரண்டடி தள்ளிப் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்து நிமிர்ந்து பார்த்தாள். மாமாவுக்கு மூச்சு நின்றுபோனது.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏமாத்திட்டியேடா பாவி! குடுக்கறேன் குடுக்கறேன்னு நிக்க வெச்சிட்டு யார் மூஞ்சியைடா வெச்சே?"

சிற்பி பதில் சொல்லுமுன் தலைவர் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "வேணாம்னு நான் சொல்லியும் வெச்சுட்டியேய்யா. மூக்கை மாத்தினா தெரியாதுன்னு பாத்தியா? இந்த மோவாய் யாருதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றவர், தோல் துண்டை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்திகிட்ட மட்டும் சொல்லாத."

மாமா வாயைத் திறந்தார். உதடு தொங்கியது, ஈ போகிற அளவு. அந்த நிமிஷம் களிமண் கையில் இருந்தால் அசல் முகத்தைப் பிடித்திருக்கலாம் என்று சிற்பிக்குத் தோன்றியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ரொம்ப இல்லை.

அக்கா அவரைப் பார்த்தாள். சிலையைப் பார்த்தாள். சலித்துப்போய்த் தலையைக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். அப்புறம் உட்கார்ந்து, சிலையின் காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"இந்தாங்க, இங்க பாருங்க! இது உங்க சுண்டுவிரல்தானே? ஏறிப் படுத்திருக்கே சனியன்!"

மாமாவுக்கு உயிர் வந்தது. "நான்தான்னு சொல்றேன்ல!" என்றார்.

அவள் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. எழுந்து அடுத்த சிலைக்குப் போய்க் குனிந்தாள். தத்துவ ஞானி. "இதுவும் நீங்க." துறவி. "அட, இதுவும்!" கூட்டமும் குனிந்து குனிந்து மேதைகளின் காலைப் பார்க்க ஆரம்பித்தது, முகத்தை ஏறிட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை. மாமா மோவாயைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார், பெரிய மனுஷன் மூஞ்சியோடு, ஒவ்வொரு சிலைக்கும் கொஞ்சம் கொஞ்சம் உயரமாகி.

அடுத்தது மகாராணி என்பது அவருக்கு நினைவு வந்தபோது அக்கா ஏற்கனவே குனிந்துவிட்டாள்.